கப்பல் மஹாலில் ஒரு கதவைக் காணோம்

"நகையைத் திருடுவாங்க, வண்டியைத் திருடுவாங்க. எங்க ஊர்ப் பக்கம் தேங்கா லாரியவே ஓட்டிட்டுப் போயிருக்காங்க. கதவை எதுக்குங்க சார் திருடோணும்?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

"கதவுக்குப் பின்னால் இருக்கிற பொருளுக்காக" என்றேன், துப்பறிவாளனுக்கென்று நான் பழகி வைத்திருக்கும் கனத்த குரலில்.

"பின்னால இருக்கறது ஒடஞ்ச சேருங்க சார்."

என் பெயர் சபரீஷ். கோவை காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறேன். நிறுவனம் என்பது நானும், உதவியாளர் அன்புச்செல்வியும், ஒரு பக்கம் மட்டுமே திரும்பும் மேஜை விசிறியும். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் துலக்கிய மர்மங்களில் முக்கால்வாசி, மாப்பிள்ளை சிகரெட் பிடிப்பாரா என்பதுதான். பெரும்பாலும் பிடிப்பார். அதையும் அன்புச்செல்விதான் கண்டுபிடிப்பாள். நான் பில் போடுவேன்.

அப்படிப்பட்ட என்னைத் தேடி ஒரு கப்பலே வந்திருந்தது. சரியாகச் சொன்னால், கப்பலின் ஒரு கதவு. இன்னும் சரியாகச் சொன்னால், அது வரவில்லை. காணாமல் போயிருந்தது.

கிணத்துக்கடவைத் தாண்டிப் பொள்ளாச்சி ரோட்டில் போனால், தென்னந்தோப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு கப்பல் நிற்கும். ஐயாசாமி கட்டிய கல்யாண மண்டபம். தேங்காய் நார் வியாபாரத்தில் மேலே வந்தவர். உடைபட்ட ஒரு உல்லாசக் கப்பலின் உள்ளலங்காரத்தைக் குஜராத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்து, அப்படியே பொருத்திவிட்டதாக அவருடைய நோட்டீசும் சொல்லும், அவரும் சொல்வார்.

"லீவியான்னு பேருங்க தம்பி. இத்தாலில கட்டுனது. அப்பறம் கிரேக்கத்துக்காரங்க வாங்குனாங்க, அப்பறம் சிங்கப்பூர்க்காரங்க. ஒவ்வொருத்தரும் ஒரு பேரு வெச்சாங்க. ஆனா கப்பல் மணியில பாருங்க, லீவியாதான்." மண்டபத்தின் நடுவே வளைந்து ஏறிய மரப்படிக்கட்டைத் தட்டிக் காட்டினார். "இந்தப் படியிலதான் ஒரு ராஜா, அவரு சம்சாரத்தோட டான்சு ஆடுனாரு."

"எந்த ஊர் ராஜாங்க?" என்றாள் அன்புச்செல்வி.

"அதெல்லாம் நோண்டப்படாது அம்மணி."

மாடியில் பதினாறு அறைகள். எல்லாம் கேபின் மாதிரி. வெள்ளைக் கதவு, வட்டக் கண்ணாடி, பித்தளை எண். மணமகள் வீட்டார் கேபினில் தங்கினோம் என்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். அதில் 207-ஆம் எண் கதவுதான் போய்விட்டது. உடைந்த நாற்காலிகள் போடும் அறை என்பதால் யாரும் உடனே கவனிக்கவில்லை. அன்று காலை கூட்ட வந்த அம்மாள்தான் பார்த்திருக்கிறார்.

"போலீசுக்குப் போகலீங்களா?" என்று கேட்டாள் அன்புச்செல்வி.

ஐயாசாமி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மரியாதையான எடம் அம்மணி. போலீசு வந்தா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. தம்பி மாதிரி கெட்டிக்காரரு இருக்கறப்ப எதுக்கு?"

எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. புகழ்ச்சியைக் கேட்டதும் மூளை படுத்துக்கொள்ளும் ரகத்தைச் சேர்ந்தவன் நான். அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டேன்.

207-க்கு முன்னால் போய் நின்றோம். திருடன் வாசலைச் சும்மா விட்டுப் போகவில்லை. வெள்ளைக் கதவைக் கழற்றிவிட்டு, அதே அளவில் பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு பழைய வீட்டுக் கதவை மாட்டியிருந்தான். அதன் நெற்றியில், தங்க நிறத்தில் மினுமினுத்துக்கொண்டு, தெர்மகோலில் வெட்டிய 2, 0, 7.

"நம்பர் போட்டுக் குடுத்துட்டுப் போயிருக்கறான் பாருங்க" என்றாள் அன்புச்செல்வி. "இத்தனை மரியாதையான திருடனை நான் பாத்ததே இல்லை."

"திசைதிருப்பும் வேலை" என்றேன். "அந்த வெள்ளைக் கதவுக்குள் தங்கம் இருந்திருக்கிறது. கப்பலில் கடத்தி வந்த தங்கம். கதவின் நடுவில் குடைந்து..."

"குஜராத்துல கப்பலையே துண்டு துண்டா வெட்டுனவங்க கதவை மட்டும் தட்டிப் பாக்காமலா விட்டுருப்பாங்க?"

"அப்படியானால் போட்டி மண்டபத்துக்காரன்."

"போட்டிக்காரனா இருந்தா அந்த மணியைத் தூக்கியிருப்பான். நாற்காலி ரூம்புக் கதவைக் கழட்டி, பதிலுக்குத் தேக்குக் கதவு மாட்டிட்டா போவான்? இது நல்ல மரங்க சார்." அவள் குனிந்து பச்சைக் கதவைத் தடவிப் பார்த்தாள். "சார், இங்க பாருங்க."

கதவின் வெளிப்பக்கம் மூன்று தாழ்ப்பாள்கள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. கதவு பழையது, தாழ்ப்பாள்கள் புத்தம் புதியவை. உட்பக்கம் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாக, மார்பு உயரத்தில் பச்சைப் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. யாரோ உள்ளேயிருந்து கை வைத்துத் தள்ளித் தள்ளித் தேய்ந்த இடம்.

"யாரையோ உள்ள போட்டு அடைச்சு வெச்சிருந்திருக்காங்க" என்றாள் மெதுவாக.

எனக்குப் புல்லரித்தது. ஒரு மனிதர் அடைபட்டுக் கிடந்தார் என்று தெரிந்ததும் சந்தோஷப்படுவது நல்ல குணமா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் பன்னிரண்டு வருடம் சிகரெட் நாற்றத்தையே முகர்ந்தவனுக்கு ஆள்கடத்தல் என்றால் அது தீபாவளி.

"கதவை அடையாளம் தெரியாமல் அப்புறப்படுத்த இங்கே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள்" என்றேன். "சரியா?"

"நம்பரு ஒட்டுனவனை மொதல்ல பாக்கலாங்க சார்." அவள் அந்த மினுமினுப்பை விரலால் சுரண்டினாள். "இது பொறந்தநாள் விழாவுக்கு ஒட்டற எழுத்து. ஏனுங்கய்யா, கடைசியா இங்க என்ன விசேசம் நடந்துச்சு?"

இருபத்தைந்தாவது கல்யாண நாள் என்று சொல்லி, ஐயாசாமி கைபேசியில் படத்தைக் காட்டினார். மேடையில் தங்க நிறத்தில் பெரிய 25. அதிலிருந்த இரண்டின் வால், மாங்காய் மாதிரி சுழித்துக்கொண்டிருந்தது. கதவிலிருந்த இரண்டுக்கும் அதே வால்.

"மேடை டெக்கரேசன் யாருங்க?"

"கோட்டைமேட்டுப் புள்ள. யுஸ்ரான்னு. மூணு வருசமா அதுதான் செய்யுது. தங்கமான புள்ள அது!"

"வளைவு, பலகை, பிரேமுன்னு ஒரு வண்டி நெறைய ஏத்திட்டுப் போவாங்க" என்றாள் அன்புச்செல்வி, காரில் ஏறியதும். "அதுக்கு நடுவுல ஒரு கதவு போனா எவன் எண்ணிப் பாப்பான்?"

நான் அதையேதான் சொல்லவிருந்தேன். கொஞ்ச நேரம் கொடுத்திருந்தால்.

உக்கடம் மேம்பாலத்தில் இறங்கும்போது, போக்குவரத்தில் நின்ற நேரத்தைப் பயன்படுத்தி ஐயாசாமிக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன்: 'குற்றவாளியை நெருங்கிவிட்டோம். ஆள்கடத்தல் சம்பந்தப்பட்டிருக்கிறது. உடனே வரவும்.' கூடவே இடத்தையும்.

"பாத்துப்போட்டு அனுப்பலாமுங்க சார்" என்றாள் அன்புச்செல்வி.

"துப்பறிவாளனுக்கு வேகம் முக்கியம்."

"பிரேக்கும் முக்கியங்க சார். முன்னாடி ஆட்டோ."

கோட்டைமேட்டில் குறுகலான சந்து. முன்னறை நிறையத் தெர்மகோல் அன்னங்கள், பிளாஸ்டிக் பூமாலைகள், ராஜா உட்காரும் சிவப்பு நாற்காலி ஒன்று. கதவைத் திறந்த யுஸ்ராவுக்கு முப்பது வயதிருக்கும். விரல்களில் தங்கப் பொடி ஒட்டியிருந்தது.

"பொறந்தநாளுக்கு டெக்கரேசன் பண்ணோணுங்க" என்றாள் அன்புச்செல்வி. "எங்க சாருக்கு."

"எத்தனாவதுங்க?"

"மனசுக்கு ஏழுங்க."

நான் அதைக் கேட்கவில்லை. என் கண் உள்ளே போய்விட்டது. நடைபாதையின் கடைசியில் வெள்ளைக் கதவு, வட்டக் கண்ணாடி, பித்தளையில் 207. அதற்குப் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது.

"ஏம்மா, கரை தெரியுதா?"

அவ்வளவுதான். அடைபட்ட மனிதரின் குரல்! அன்புச்செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள் என்று பிறகு சொன்னாள். நான் நடைபாதையில் ஓடிப்போய், தோளைக் கொடுத்து அந்தக் கதவின் மீது மோதினேன்.

கதவு பூட்டியிருக்கவில்லை. சாத்திக்கூட இருக்கவில்லை. நான் அறைக்குள் பறந்து, ஒரு கட்டிலைத் தாண்டி, சுவரோரம் போய் விழுந்தேன். என் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் போனது.

ஒரு கை என்னைப் பிடித்துத் தூக்கியது. எழுபதைத் தாண்டிய மனிதர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, படிய வாரிய நரைத்த தலை. என் சட்டையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு அன்பாகச் சொன்னார்:

"பரவாயில்லீங்க சார். இன்னிக்குக் கப்பல் கொஞ்சம் ஆடத்தான் செய்யுது."

வாசலில் நின்ற அன்புச்செல்விக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் பக்கத்தில் நின்ற யுஸ்ராவின் முகத்தைப் பார்த்ததும் அது தானாக அடங்கியது.

அவர் பெயர் நிஜாம். யுஸ்ராவின் அப்பா; அவள் அத்தா என்பாள். லீவியாவில் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்தவர். கப்பல் இரண்டு தடவை பெயர் மாறியபோதும் இவர் மாறவில்லை. புதுப் பெயர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அதே மேஜைக்குத் தட்டு எடுத்துப் போனார். என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, ஏதோ நான் பயணச்சீட்டு வாங்கி வந்தவன் போல விசாரித்தார். கப்பலைப் பற்றிக் கேட்டேன். அந்த ஒரு கேள்வியை மட்டும் அன்று நான் சரியாகக் கேட்டேன்.

"கடைசிப் பயணத்துக்குப் பாசஞ்சரே கெடையாதுங்க சார். நாங்க கொஞ்சம் பேருதான். அலங்குக்குக் கொண்டுபோனோம், உடைக்கிற இடத்துக்கு. கடல் ஏறுற நேரம் பாத்து கேப்டன் முழு வேகம்னு சொன்னாரு. அத்தனை வருசமும் தரை தட்டிறக் கூடாதுன்னு பயந்து பயந்து ஓட்டின கப்பலை, வேணும்னே தரையில ஏத்தினோம். பெரிய சத்தம் வரும்னு காதைப் பொத்திக்கிட்டேன். ஒண்ணும் வரலை. யானை உக்காருற மாதிரி மெதுவா உக்காந்துருச்சு. மேஜையில வெச்சிருந்த கப்புகூட விழலை." கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்தார். "பேச்சுல மறந்துட்டேன் பாருங்க. உங்களுக்கு டீ."

அவர் அடுப்படிக்குப் போனதும் யுஸ்ரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் எதற்கு வந்தோம் என்பது அவளுக்கு முன்பே புரிந்திருந்தது.

"அம்மா மவுத்தானதுக்கு அப்புறம் நானும் அத்தாவும்தாங்க. ரெண்டு வருசமா இப்படி. ஒரு நாள் டீ குடிக்கப் போனவரு திரும்ப வரலை. பாலக்காட்டு பஸ்ஸுல உக்காந்திருந்தாரு. அடுத்த தடவை வாலாங்குளத்துல, முட்டி வரைக்கும் தண்ணியில நின்னுட்டிருந்தாரு. கப்பல் வரும்னு." விரலில் ஒட்டிய தங்கப் பொடியைச் சுரண்டினாள். "நான் வேலைக்குப் போகணும். பாத்துக்க ஆள் இல்லை. தாழ்ப்பாப் போட்டேன். ஒண்ணு போட்டா ஆட்டி ஆட்டித் திறந்துடுவாரு. அதனால மூணு. ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு வந்து திறப்பேன். கதவுல கை வெச்சுட்டு அப்படியே நிப்பாருங்க. ஒண்ணுமே கேக்க மாட்டாரு. அதுதான் தாங்க முடியலை."

அன்புச்செல்வி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என்னுடைய தீபாவளி முடிந்துபோயிருந்தது.

"போன மாசம் ஒரு விசேசத்துக்கு அத்தாவையும் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். அந்த 207 முன்னாடி நின்னாரு. அதுதான் அவரு ரூம் நம்பர், சின்ன வயசுலேருந்து எனக்குத் தெரியும். 'அத்தா, இதுதானே உங்க ரூமு?'ன்னேன். ஆமான்னாரு. ரொம்ப நேரம் தடவிக்கிட்டே நின்னாரு. அளவெடுத்தேன், எங்க கதவும் அதே அளவு. கேட்டா குடுப்பாங்களா, அவங்களுக்கு அது ராஜா வீட்டுக் கதவு. அதனால மாத்திட்டேன். நாலு நாளாச்சு. தாழ்ப்பாளே இல்லை. அத்தா வெளியில போகவே இல்லைங்க."

வாசலில் கார் நின்ற சத்தம். என் வாட்ஸப் வேலை செய்துவிட்டது.

"எங்க தம்பி ஆள்கடத்தல்?" என்று கேட்டபடி வந்த ஐயாசாமி, நடைபாதையில் அந்தக் கதவைப் பார்த்ததும் நின்றார். "யுஸ்ரா! நீயா கண்ணு?"

நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. ஆனால் கை மட்டும் கதவை விடவில்லை. "எல்லாஞ் செரி. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா இந்தக் கதவை நான் கொண்டுபோய்த்தான் ஆகோணும். இப்பவே கழட்டுங்க. வேற என்ன வேணும்னாலும் செஞ்சு தாரேன்."

"ஐயா, அத்தா மறுபடி கெளம்பிடுவாருங்க" என்று யுஸ்ரா கை கூப்பினாள். "நான் வேணும்னா உங்க மண்டபத்துல ஆயுசுக்கும் சும்மா டெக்கரேசன் பண்ணித் தாரேன். போலீசுல குடுத்தாலும் சரி. கதவு மட்டும் இருக்கட்டும்."

"அதுதாங்க எனக்கும் புரியலை" என்றாள் அன்புச்செல்வி. அவள் இன்னும் தரையில்தான் உட்கார்ந்திருந்தாள். கதவின் கீழ்ப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திருடு போனதும் ஏனுங்க நீங்க போலீசுக்குப் போகலை? இருக்கறதுலயே கெட்டிக்காரரு எங்க சாருன்னு சொன்னீங்களே, அப்பவே எனக்குச் சந்தேகங்க."

என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க சார்" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"என்ன சந்தேகம்?" என்றார் ஐயாசாமி. சத்தம் குறைந்திருந்தது.

"இத்தாலில கட்டுன கப்பலுங்க. கிரேக்கத்துல ஓடுச்சு, சிங்கப்பூர்ல ஓடுச்சு." உட்பக்கம், தரையோரம் பெயின்டர் விட்டுவிட்ட ஓரத்தில் விரலை வைத்தாள். மங்கலான நீல முத்திரை. மரக்கடையின் பெயர் அழிந்திருந்தது. போன் நம்பர் அழியவில்லை. "அந்தக் கப்பல் கதவுக்கு 0422-ல ஆரம்பிக்கற நம்பரு எப்படிங்க வந்துச்சு?"

கோயம்புத்தூரில் பிறந்த யாருக்கும் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஐயாசாமி மெல்லப் பின்வாங்கி, முன்னறையில் கிடந்த ராஜா நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னால் இரண்டு தெர்மகோல் அன்னங்கள். அந்த நிலையிலும் அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"படிக்கட்டு நெசம். மணி நெசம். வெளக்கு நெசம். கதவெல்லாம் நான் போறதுக்கு முன்னாடியே எவனோ ஓட்டல்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். போட்டோவைப் பாத்து இங்கத்த ஆசாரி செஞ்சதுதான் பதினாறும். என்ற சம்சாரத்துக்கே தெரியாது." துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு துடைத்தார். "சின்னப் பையனா இருக்கறப்ப ஒரு காலண்டர்ல கப்பல் படம் பாத்தேன் தம்பி. அன்னையிலிருந்து ஆசை. ஆனா மேட்டுப்பாளையம் தாண்டுனா பஸ்ஸுலயே எனக்கு வாந்தி வந்துரும். கப்பல்ல எங்க போறது? அதுதான் அதை இங்க கொண்டாந்தேன். கதவில்லாம கொண்டாந்தா நல்லாவா இருக்கும்?"

யுஸ்ரா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் திருடினதும் பொய்யாங்க?" என்றாள். "அத்தா அடையாளம் கண்டுபிடிச்சாரே." பிறகு அவசரமாக, குரலைத் தாழ்த்தி, எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னாள்: "அத்தாவுக்குத் தெரிய வேண்டாங்க. தயவுசெஞ்சு. அவரு நம்பிக்கிட்டே இருக்கட்டும்."

அதற்குள் நிஜாம் தட்டில் டீயோடு வந்தார். தட்டு ஒரு கையில், உள்ளங்கை மேல். மறு கை முதுகுக்குப் பின்னால். ஒரு சொட்டு சிந்தவில்லை. நாற்காலியில் இருந்த ஐயாசாமிக்கு முதல் கோப்பை போனது.

"எந்தத் துறைமுகத்துல ஏறினீங்க சார்?"

ஐயாசாமி திகைத்தார். யுஸ்ராவைப் பார்த்தார். "கிணத்துக்கடவுங்க" என்றார்.

"நல்ல ஊருங்க. அலை அதிகம் இருக்காது."

ஐயாசாமி டீயை உறிஞ்சினார். அடக்க முடியாமல், குழந்தை மாதிரி கேட்டார்: "ஏனுங்க பாய், அந்தப் பெரிய படிக்கட்டுல ராஜா ஒருத்தரு ஆடுனாருன்னு சொல்றாங்களே. நெசங்களா?"

நிஜாம் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனையோ ஆயிரம் பேரின் முகம் பார்த்துப் பரிமாறிய கண்கள்.

"ஆடினாருங்க சார்" என்றார். "அன்னிக்கு நல்ல காத்து. எல்லாருமே ஆடினோம்."

ஐயாசாமி சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். டீயை முடித்துவிட்டு எழுந்தார். "யுஸ்ரா, கதவு இங்கயே இருக்கட்டும் கண்ணு. எங்க ஆசாரி இன்னொண்ணு செஞ்சு குடுத்துருவான், அவனுக்கு அது பழக்கந்தானே. அந்தப் பச்சைக் கதவை என்ன பண்ணட்டும்?"

"வேண்டாங்க" என்றாள் யுஸ்ரா. "எரிச்சுடுங்க."

"செரி. முகூர்த்த நாள்ல அத்தாவையும் கூட்டிட்டு வா. வர்ற ஒரம்பரை சனத்துக்கு அந்தக் கப்பல் கதையை இவரு சொல்லட்டும். நான் சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். என் கண்ணாடி இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை எடுக்க நான் மட்டும் அறைக்குத் திரும்பினேன். தரையில் முட்டிபோட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது நிஜாம் பின்னாலேயே வந்து, கதவருகில் நின்றார்.

"அது எங்க கப்பல் கதவு இல்லீங்க தம்பி" என்றார்.

குரல் மாறியிருந்தது. சார் போய்த் தம்பி வந்திருந்தது. நான் முட்டிபோட்டபடியே திரும்பினேன்.

"தொழுதுட்டு எந்திரிக்கும்போது கதவடியில அந்தப் போன் நம்பர் என் கண்ணுல படும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை! கோயமுத்தூர் நம்பர் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குங்க உங்க ரூமுன்னு சொன்னீங்க?"

"புள்ள கேட்டுச்சு, இதுதானே அத்தான்னு. அது மூஞ்சியப் பாத்தா இல்லைன்னு சொல்ல வாய் வரலை. ஆமான்னுட்டேன்." லேசாகச் சிரித்தார். "கழட்டிட்டே வந்துரும்னு யாரு கண்டா?"

கட்டிலுக்கு அடியில் விட்டிருந்த கையை வெளியே எடுத்தேன்.

"மொதல்ல ஒரு தடவை வழி மறந்துட்டேன், தம்பி. அது நெசம். எனக்கு மறந்துதான் போகுது. அப்புறம் பாத்தா வெளியில தாழ்ப்பா. ஒண்ணு, ரெண்டு, மூணு. கப்பல்ல தப்பு பண்ணினவனைத்தான் அப்படி அடைப்பாங்க. நான் என்ன தப்பு பண்ணினேன்னு எனக்குத் தெரியலை. கேப்டனைப் பாத்துக் கேட்டுரலாம்னுதான் வெளியில போனேன்." கதவின் பித்தளை எண்ணைச் சட்டைக் கையால் துடைத்தார். "இப்பத் தாழ்ப்பா இல்லை. அப்புறம் நான் எங்க போகப்போறேன்?"

வெளியே யுஸ்ரா யாரிடமோ பேசும் சத்தம் கேட்டது. அவர் என் பக்கம் குனிந்தார்.

"இது கப்பல் கதவு இல்லைன்னு புள்ளகிட்ட சொல்லிராதீங்க. அதுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுரும். கஷ்டப்பட்டுக் கொண்டாந்திருக்கு."

"சொல்ல மாட்டேங்க" என்றேன். என் தொழில் வாழ்க்கையில் நான் கொடுத்து, முழுதாகக் காப்பாற்ற நினைத்த முதல் வாக்கு அதுதான்.

அவர் தலையசைத்தார். என் கண்ணாடியை அவரே குனிந்து எடுத்து, சட்டை நுனியில் துடைத்து, என் கையில் கொடுத்தார். கண்கள் மெல்ல எங்கோ நகர்ந்துவிட்டிருந்தன. "மேல் தளத்துல காத்து நல்லா வருங்க சார். போய் உக்காருங்க. நான் கூப்பிடறேன்."

காரில் அன்புச்செல்வி காத்திருந்தாள். ஐயாசாமி போய்விட்டிருந்தார். வாசற்படியில் நின்று யுஸ்ரா எங்களுக்குக் கையசைத்தாள். அவள் பின்னால் நிஜாம், கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு, மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு நேரம் உள்ள என்னங்க சார்? அத்தா என்ன சொன்னாரு?"

"மேல் தளத்தில் காற்று நன்றாக வருமாம்" என்றேன்.

அவள் என் முகத்தை உற்றுப் பார்த்தாள். மாப்பிள்ளைகளின் சட்டைப்பையைப் பார்க்கும் அதே பார்வை. "அதுக்கா உங்க கண்ணு செவந்திருக்குது?"

"கண்ணாடி இல்லாமல் தேடினேன் இல்லையா, அதனால்."

சந்து முனை வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அன்புச்செல்விக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதை அவளிடம்கூடப் பெருமையடித்துக்கொள்ள முடியாது.